முழு நாள் பள்ளிக்கூடம். முழுப் படிப்பு எங்கே?

பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வண்ணம் பூசியாயிற்று. கழிப்பறைக்குக் கதவு போட்டாயிற்று. காலையில் சிற்றுண்டி, நண்பகலில் சத்துணவு, சீருடை, பாடநூல், புத்தகப்பை, காலணி எல்லாம் வந்தாயிற்று. வரவேண்டியவைதாம், வந்தமைக்கு மகிழ்கிறோம். ஆனால் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைக்கு நாலு வரி படிக்கத் தெரிகிறதா?

இந்தக் கேள்வியை அமைச்சர் கேட்கிறார். அதிகாரி கேட்கிறார். ஆய்வு நடத்துவோர் வீடு வீடாக வந்து கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் ஆள் மட்டும் கேட்கவில்லை. ஆலையில் நிற்கும் தகப்பன் கேட்கவில்லை. வயலில் குனிந்திருக்கும் தாய் கேட்கவில்லை. "வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறார்கள். அது அலட்சியம் என்று பழிபோட நாம் வரவில்லை. கேட்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை. கேட்கப் போனால் அன்றைய கூலி போகும் என்ற அச்சமும் இருக்கிறது. உரிமையை எடுத்துச் சொல்லவும், கூலி போகாமல் கேட்பதற்கு வழி என்ன என்று கூறவுமே இன்று எழுதுகிறோம்.

அன்று அரை நாள்

1953-ஆம் ஆண்டு. இராசாசி முதலமைச்சர். சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்புப் போதும், மிச்ச நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு கொதித்தது. சவரத் தொழிலாளியின் மகன் சவரக் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவிப் பானையையும் விட்டு அகலாதிருக்கச் செய்யும் சூழ்ச்சி என்று ஊரூராய்க் கூட்டம் நடந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954-இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைத் தொட்டிக்குப் போனது.

அந்தப் போராட்டம் எதற்கு? பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குப் பாதிப் படிப்புப் போதாது, முழுப் படிப்பு வேண்டும் என்பதற்காக அன்றோ? வென்றோம். பிள்ளை இன்று முழு நாளும் பள்ளியில் இருக்கிறது. ஆனால் முழு நாள் இருந்தும் ஐந்து ஆண்டு முடிவில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க முடியவில்லை என்றால், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? அன்று நேரத்தைப் பாதியாக்கினார்கள்; இன்று நேரம் முழுதாக இருக்க, படிப்புப் பாதியாகிப் போனால் நாம் பெற்ற வெற்றியில் பாதியை இழந்தவர்கள் ஆகமாட்டோமா?

வயிற்றுக்குச் சோறு, பள்ளிக்குப் பலகை

பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்க இந்த நாடு பட்ட பாடு சிறிதன்று. 1920-இல் நீதிக்கட்சியார் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தர முடிவு செய்தது. 1956-இல் காமராசர் ஆட்சி மதிய உணவைத் தொடங்கிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிற்று. நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்ற உண்மையை மட்டும் எவரும் மறுக்கவில்லை.

பள்ளியைச் சீர்படுத்த ஊரையே திரட்டிய காலமும் உண்டு. 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். காமராசர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். ஒருவர் கரும்பலகை தந்தார், ஒருவர் நாற்காலி தந்தார், ஒருவர் கடிகாரம் தந்தார், ஒருவர் கட்டடத்துக்கு மனை தந்தார். சர்க்கார் பள்ளியாக இருந்தது எங்கள் பள்ளியாக மாறிற்று.

அன்று பள்ளிக்குப் பொருள் குறைவு. ஆகவே பொருள் தந்தார்கள். இன்றும் பல ஊர்களில் பொருள் குறைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய குறை, பிள்ளையின் முன்னேற்றம் என்ன என்று பார்க்கும் கண் குறைவு. இந்தக் காலத்துச் சீரமைப்பு அங்கேதான் தொடங்க வேண்டும்.

எண்கள் சொல்லும் சேதி

இந்தியா முழுவதும் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 'ஏசர்' என்று அதற்குப் பெயர். இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். 2018-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பேர் அதைப் படித்தார்கள். கொரோனா வந்தது, பள்ளி பூட்டிக் கிடந்தது. 2022-இல் அது 43-க்கும் கீழே இறங்கிற்று. 2024-இல் ஓரளவு மீண்டது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டும் சேர்ந்த கணக்கு இது. நூறு பிள்ளைகளில் பாதிப் பேர் தங்களுக்கு மூன்று வகுப்புக் கீழே உள்ள பாடத்தைப் படிக்கத் திணறுகிறார்கள் என்பதே இதன் பொருள்.

தமிழ்நாடு கைகட்டி நிற்கவில்லை. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்கள் தெருத் திண்ணையில் மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றலுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துப் பாடம் நடத்துவது அதன் முறை. 2025-ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

கெடு வந்தது, கடந்தும் போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் கற்றார்களா? இந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வு ஒரு விடை சொல்கிறது. இன்னோர் ஆய்வு வேறு விடை சொல்கிறது. அறிஞர்கள் வாதிடட்டும். நாம் கேட்பது வேறு. உன் தெருப் பள்ளியில் என்ன நிலை? உன் வீட்டுப் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? அதற்கு விடை தலைநகரத்துக் கோப்பில் இல்லை, தோழரே! நாலு வீடு தள்ளியுள்ள பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

சட்டம் நம் கையில்

2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று பிரிவுகளை ஒவ்வொரு பாட்டாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

21-ஆம் பிரிவு: பள்ளிதோறும் மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம் தர வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஊர்ப் பெரிய மனிதருக்குப் போட்ட நாற்காலி அன்று அது. நமக்காகப் போட்ட பாய்.

22-ஆம் பிரிவு: அந்தக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தீட்ட வேண்டும். மேலிருந்து வரும் தாளில் கையெழுத்துப் போடுவது குழுவின் வேலை அன்று. திட்டம் தீட்டுவதே அதன் வேலை.

24-ஆம் பிரிவு: ஆசிரியரின் கடமைகளைச் சொல்லுவது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவையானால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஆக, "என் பிள்ளை எப்படிப் படிக்கிறது?" என்று நாம் கேட்பது தயவு கேட்பதன்று. சட்டம் தந்த உரிமையைக் கேட்பது.

ஆனால் ஒரு குறையையும் இங்கே சுட்டியாக வேண்டும். மேம்பாட்டுத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2010-இல் வகுத்த விதி நாலு பொருளைச் சொல்கிறது: வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர் தேவை, என்னென்ன கட்டடமும் கருவியும் தேவை, எவ்வளவு பணம் தேவை. நாலும் தேவைதான். ஆனால் பிள்ளை என்ன கற்க வேண்டும், எப்போதுக்குள் கற்க வேண்டும் என்ற வரி அந்த நாலிலும் இல்லை! அதனாலேயே பல ஊர்களில் மேம்பாடு என்றால் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, வண்ணப்பூச்சு என்று முடிந்துவிடுகிறது. சுற்றுச்சுவர் வேண்டாம் என்போமா? வேண்டும். சுவருக்குள் இருக்கும் பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும் என்கிறோம். விதியில் இல்லாவிட்டால் என்ன? திட்டம் தீட்டுவது குழு. எழுதுகோல் நம் கையில். முதல் வரியாக நாமே அதை எழுதுவோம்.

எப்படி எழுதுவது?

மூன்றாம் வகுப்பில் 12 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 5 பேர் இன்னும் அரும்பு நிலையில் இருக்கிறார்கள். "கல்வித் தரத்தை உயர்த்தப் பாடுபடுவோம்" என்று திட்டத்தில் எழுதினால் அது மேடைப்பேச்சு. "இந்த 5 பேரும் பொங்கலுக்குள் மொட்டு நிலைக்கு வரவேண்டும், ஆண்டு முடிவதற்குள் நாலு வரிப் பத்தியைத் தாமாகப் படிக்க வேண்டும், அதற்காக நாளும் அரை மணி நேரம் தனியே படிப்புச் சொல்லித்தர வேண்டும்" என்று எழுதினால் அதுவே குறிக்கோள். எத்தனை பேர், எதுவரை, எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில், "5 பேரில் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்கலாம். வராதவர் ஏன் வரவில்லை என்றும் பார்க்கலாம். ஒரு பிள்ளைக்குக் கண் பார்வை குறைவாக இருக்கலாம். ஒரு பிள்ளை கரும்பு வெட்டப் போன பெற்றோருடன் இரண்டு மாதம் ஊரில் இல்லாதிருக்கலாம். ஒரு பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கியிருக்கலாம். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும்.

ஒன்றை மறக்கக்கூடாது. பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் கூவி, "இவன் மக்கு" என்று ஊரறியச் செய்வது பாவம். எண்ணிக்கையைக் கூட்டத்தில் பேசுவோம். பிள்ளையைப் பற்றி அதன் தாய் தகப்பனிடம் மட்டும் பேசுவோம்.

படிக்காத தகப்பன் எப்படிச் சோதிப்பான் என்று கேட்பீர்கள். எளிது. பாடநூலைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டித் தடுமாறுகிறதா, பேசுவது போலப் படிக்கிறதா என்பதை அறியக் காது போதும். படித்து முடித்ததும் "என்ன கதை?" என்று கேளுங்கள். சொன்னால் புரிந்து படித்திருக்கிறது. கடையில் சாமான் வாங்கும்போது மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். கடன் வாங்கி வாழும் கணக்கு நமக்குத் தெரியும். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியர் நம் பகைவர் அல்லர்

இதைப் படித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்குச் சண்டைக்குப் போகிறவர் எவராயினும் அவர் நம் ஆள் அல்லர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது சட்டத்தின் அட்டவணை. சிறிய ஊர்ப் பள்ளி என்றால் இரண்டு பேரே ஐந்து வகுப்பையும் தாங்க வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் ஒரே ஆள், ஐந்து வகுப்பு! போதாக்குறைக்குக் கணக்கெடுப்பு, படிவம் நிரப்பல், கைப்பேசியில் விவரம் ஏற்றல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிரக் கல்விக்குப் புறம்பான வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் பார்ப்பதும் பெற்றோர் குழுவின் வேலையே. "ஆசிரியரே, நீங்கள் பாடம் நடத்துங்கள், உங்களை வேறு வேலைக்கு இழுக்கிறவர்களை நாங்கள் கேட்கிறோம்" என்று ஊர் சொன்னால், எந்த ஆசிரியர் அந்த ஊரை வெறுப்பார்?

மேலே இருப்பவர்களையும் விடுவதற்கில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 2024–25-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததும், 2025-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படி ஏறியதும் நாடறிந்த செய்தி. அரசியல் வழக்கு அரசியலாருக்கு. அடிபடுவது அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளை. அதைக் கண்டிக்க வேண்டும், கண்டிக்கிறோம். ஆனால் டில்லியைக் கண்டித்துவிட்டு நம் தெருப் பள்ளியின் படியை மிதிக்காமல் இருந்தால், கண்டனம் யாருக்குப் பயன்?

படிக்காத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதே மருந்து என்பாரும் உண்டு. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு அதற்கு வழி திறக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புக்கு அதைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட ஏழைப் பிள்ளை திரும்ப அந்த வகுப்புக்குப் போவதைவிட, பட்டறைக்கும் தேநீர்க் கடைக்கும் போவதே வழக்கமாக இருந்தது. ஆனால் ஒன்று: நிறுத்தக்கூடாது என்று சொல்லும் நமக்கு, இரண்டாம் வகுப்பிலேயே குறையைக் கண்டு களையும் கடமை இரட்டிப்பாகிறது. எதுவும் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவிடுவதும் ஒருவகை வெளியேற்றமே.

கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி

இனி, தொழிற்சங்கத் தோழர்களுக்கு. பள்ளிக் குழுவின் கூட்டம் பெரும்பாலும் வேலைநாளின் பிற்பகலில் நடக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர் அனுமதி கேட்டு வந்துவிடுவார். பஞ்சாலைத் தொழிலாளி எப்படி வருவார்? கட்டடத்தில் செங்கல் சுமக்கும் தாய் எப்படி வருவார்? அரை நாள் போனால் அரைக் கூலி போகும். ஆகவே சட்டம் நமக்காகப் போட்ட பாயில் நம்மவர் உட்கார முடிவதில்லை. கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கப்படுகிறது.

ஊதிய உயர்வுக்கும் போனசுக்கும் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கிறோம். அதில் ஒரு வரி சேருங்கள்: "பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குச் செல்லும் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் அரை நாள் விடுப்பு." முதலாளிக்கு இதனால் ஆகும் செலவு சிறிது, நமக்கு வரும் பயன் ஒரு தலைமுறைக்கு. நிலையான முதலாளி இல்லாத நாட்கூலிகளுக்கு வேறு வழி வேண்டும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ விடுமுறை நாளிலோ வைக்கும்படி குழுவில் தீர்மானம் போடுங்கள். மே முதல் நாளும் கிராம சபை கூடும் நாள்தான். தொழிலாளர் நாளன்று, தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவருவதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்கிறது?

கட்சித் தோழர்களுக்கும் ஒரு சொல். பள்ளிக் குழுவில் இடம்பிடிப்பதைப் பதவி பிடிப்பதாக எண்ணாதீர்கள். துண்டையும் கொடியையும் பள்ளி வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். எதிர்க்கட்சிக்காரன் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது படித்தாலும் நமக்கு மகிழ்ச்சியே. நம் ஊரில் எத்தனை கொடிக்கம்பம் நட்டோம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். எத்தனை பிள்ளைகள் படிக்கத் தெரிந்து தொடக்கப்பள்ளியை விட்டு வெளியே போனார்கள் என்ற கணக்கு எந்தக் கிளைக்கழகத்தில் இருக்கிறது? இந்த ஆண்டிலிருந்து அந்தக் கணக்கையும் வைப்போம்.

வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசையே அவர்களை வட்டிக்கடைக்கு அனுப்புகிறது. அந்த ஆசையில் நாலில் ஒரு பங்கை அரசுப் பள்ளியின் மாதக் கூட்டத்தில் காட்டியிருந்தால், வட்டிக்கடைக்குப் போகும் தேவையே பலருக்கு வந்திராது என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

அரை நாள் பள்ளியை ஒழித்தது ஒரு தலைமுறையின் வேலை. பசியில்லாப் பள்ளியை உண்டாக்கியது அடுத்தடுத்த தலைமுறைகளின் வேலை. பள்ளிக்குப் போன பிள்ளை எழுத்தறிந்து திரும்பச் செய்வது நம் தலைமுறைக்கு விட்டுவைக்கப்பட்ட வேலை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக் காலையே பள்ளியில் விசாரியுங்கள். அன்றைக்குப் போங்கள், துணைவியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அமைதியாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிகிறது? மிச்சமுள்ளவர்களுக்கு என்றைக்குள் தெரியவரும்?"

விடை கிடைக்கும் வரை அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.